நாள் வாடகைக்கு ஒரு மாடி வீடு

"ஒருத்தர் காலி பண்ணின அன்னைக்கே அடுத்த ஆளுக்கு விட்டுராதீங்கண்ணே."

சோழவந்தான் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் அண்ணனிடம் சொன்னாள். அண்ணனும், அவளைப் போலவே, ஆனையூரில் இருக்கும் தன் மாடி வீட்டை நாள் வாடகைக்கு விடப்போகிறாராம்.

"ஏம்மா?"

"போன மாசம் தேனிப் பக்கமிருந்து ஒரு அம்மாவும் மகனும் வந்து தங்குனாக. அந்தம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன். கெளம்புற அன்னைக்கு ஒரே தலைசுத்தல். 'சாயங்காலம் வரைக்கும் படுத்திருக்கட்டுமா அக்கா?'ன்னு மகன் கேட்டாரு. பன்னெண்டு மணிக்கு வேற ஆளு வாராக, முடியாதுன்னுட்டேன்."

"போயிட்டாகளா?"

"கண்ணுல கட்டோட, ஒவ்வொரு படியா ஒக்காந்து ஒக்காந்து எறங்குச்சு. கீழ வந்து என் கையப் புடிச்சு, 'வீடு நல்லா இருந்துச்சு தாயி'ன்னுச்சு."

"பன்னெண்டு மணிக்கு வந்தவுக?"

"அஞ்சு மணிக்குத்தான் வந்தாக. அது வரைக்கும் கட்டில் சும்மாதாண்ணே கெடந்துச்சு."

பஸ் பரவையைத் தாண்டியது. பிறகு அண்ணன் கேட்டார்.

"அந்தப் பையன் நம்பர் இருக்கா? எப்படி இருக்காகன்னு ஒரு போன் போட்டுக் கேளு."

"இருக்கு. ரெண்டு தடவ போட்டேன். அவரு 'சொல்லுங்கக்கா'ன்னதும் வச்சிட்டேன்."