மூன்றாவது வரி

— கதவைச் சாத்திட்டு வா. கையைக் காட்டு.

— எதுக்குக்கா?

— காட்டுடா. நகக்கண்ணெல்லாம் கறுப்பா இருக்கே, என்ன அது?

— எஞ்சின் ஆயில். படகு மெக்கானிக் கை பின்னே எப்படி இருக்கும்?

— ஆயில் துடைச்சாப் போயிடும். இது தார். பன்னெண்டு வருஷமா ஆபீஸ்ல ஆளுங்களைப் பார்க்கிறவ நான், எனக்கே காது குத்துறியா? படகுத்துறைப் பலகையில நம்ம பாஷை வரியை மட்டும் எவனோ தார் பூசி அழிச்சுட்டான்னு ஊரே கொதிக்குது.

— கேள்விப்பட்டேன்.

— வெளியே எழுபது பேரு, கையில துடுப்பும் கம்பியுமா நிக்கிறாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கதான் செஞ்சாங்களாம். இத்தனூண்டு தீவு. அடிச்சுக்கிட்டு எங்கடா ஓடுறது?

— நீ உள்ளயே இருக்கா. ரெண்டு நாள்ல அடங்கிடும்.

— அடங்கிடுமா? இடமில்ல, ரெண்டு பாஷை போதும்னவங்ககிட்ட மூணு வருஷம் மனு மேல மனு குடுத்து வாங்கின வரி. பலகை வச்சு நாலு நாள்கூட ஆகல. யார் சொல்லிடா பூசினே?

— யாரும் சொல்லல. சத்தியமா.

— அப்போ நீதான்.

— நீ அந்தப் பலகையைப் படிச்சியாக்கா?

— நான் எழுதிக் குடுத்ததை நானே படிக்கணுமா? ‘சிவப்புக் கொடி பறக்கும்போது தண்ணீரில் இறங்க வேண்டாம்.’

— ‘வேண்டாம்’ இல்ல. ‘இறங்க வேண்டும்’னு இருந்துச்சு.

— பெயின்டர் தப்பா எழுதியிருப்பான்.

— பாவம், அவனுக்கு நம்ம எழுத்தே தெரியாது. உன் தாளைப் பார்த்துப் படம் வரையற மாதிரி வரைஞ்சிருக்கான். நேத்து அவன்கிட்ட போய்த் தாளை வாங்கிட்டு வந்தேன். இந்தா, உன் கையெழுத்துதானே?

— ஐயோ… மூணாவது தடவையா வரியைச் சுருக்கச் சொன்னாங்கடா. அந்தக் கோபத்துல எழுதினது…

— நம்ம எழுத்து ஏறிடுச்சுன்னு எல்லாரும் பலகையைப் பார்த்தாங்க. யாரும் படிக்கல. உன் மக படிச்சா.

— என்னடா சொல்றே?

— நேத்து நனைஞ்சு வந்தாளே, அலை அடிச்சுதுன்னு சொன்னேன், பொய். எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, ‘மாமா, இறங்கணுமாம்’னு சொல்லிக்கிட்டே இறங்கிட்டா. மேலே கொடி பறக்குது, கீழே தண்ணி இழுக்குது. சடையைப் பிடிச்சுத்தான்க்கா தூக்கினேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா.

— சொன்னா நீ ஆபீஸ்ல போய் ‘தப்பு நான் பண்ணினது’ன்னு எழுதிக் குடுப்பே. ‘சொந்த பாஷையே எழுதத் தெரியாதவங்களுக்குப் பலகை ஒரு கேடா’ன்னு சிரிப்பாங்க. ஒரு சொல்லை மட்டும் அழிச்சா தப்பு பளிச்சுனு தெரியும். அதான் விடியறதுக்குள்ள முழு வரியையும் பூசிட்டேன். கம்பியைத் தூக்குவாங்கன்னு சத்தியமா நினைக்கல. நானே போய்ச் சொல்லிடறேன்.

— ஏன் செஞ்சேன்னு கேட்கக்கூட மாட்டாங்கடா. அதுக்குள்ள உன் மண்டை உடைஞ்சிடும்.

— மேடம்! உள்ள இருக்கீங்களா?

— இருக்கேன், சங்கத் தலைவரே.

— கிளம்பிட்டோம் மேடம். என்ன நான் சொல்றது, வரியை வாங்கித் தந்தவங்க நீங்க, நீங்கதான் முன்னால வரணும். பாலம் தாண்டினா முதல் வீடு அந்தப் பெயின்டரோடது. என்ன நான் சொல்றது, அங்கேயே ஆரம்பிச்சிடலாம்.

— அக்கா, திறக்காதே. அக்கா!

— தலைவரே, கம்பியை எல்லாம் கீழே போடச் சொல்லுங்க. அந்த வரியை எழுதினது நான். தார் பூசி அழிச்சதும் நான்தான்.