நாற்பத்து மூன்று குதிரை வீரர்கள்

குதிரை வரைவது பலர் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. குளம்புகளைப் புல்லில் மறைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இடைக்காலச் சீனப் படைகளைப் பற்றி நாங்கள் ஒன்பது சித்திரப் புத்தகங்கள் செய்திருக்கிறோம். எழுத்து என் கணவர், படம் நான். அவருக்குத் தெரியாத கவசம் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான்.

ஒன்பதாவது புத்தகத்தின் நடுப்பக்கத்துக்கு நாற்பத்து மூன்று குதிரை வீரர்கள். ஏழு வாரம் வரைந்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அம்பறாத்தூணி வலப்பக்கம் தொங்கணும்மா. நீ இடப்பக்கம் மாட்டியிருக்க. உன் ஆள் அம்பை எடுக்கிறதுக்குள்ள எதிரி வந்து டீ குடிச்சுட்டுப் போயிடுவான்."

சிரித்தேன். நாற்பத்து மூன்று பேரையும் முதலிலிருந்து வரைந்தேன். இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான். அவர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது புத்தகம் பாதியில் இருக்கும்போது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. அவருடைய குறிப்புகளை வைத்து மீதியை நானே எழுதினேன், வரைந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் திருத்தம் சொல்லவில்லை. என் கை இவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் இரண்டு முறை வந்தாள். கெட்டிக்காரி. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், விட்டால் பிடிப்பது கஷ்டம் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். மூன்றாம் மாதம் அவர் "தண்ணி" என்றார். அடுத்த வாரம், மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த என் படத்தை இடது கையால் காட்டி, "த... தப்பு" என்றார்.

அவள் கைதட்டினாள். "அக்கா, கேட்டீங்களா? எவ்வளவு தெளிவா வருது பாருங்க. இனிமே சாரை யாராலயும் நிறுத்த முடியாது."

நானும் கைதட்டினேன். பிறகு அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

"இனிமே வரவேணாம்மா. அவருக்கே இஷ்டமில்ல."

"சார் அப்படிச் சொன்னாரா?"

"கண்ணால சொன்னார்."

அவர் எழுத்துகளைத் தொட்டுக் காட்டிப் பேச அவள் ஓர் அட்டை கொடுத்திருந்தாள். அதை நான்தான் கிழித்தேன்.

"அண்ணன் திரும்பப் பேசுவானா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டபோது, "டாக்டரே கைவிரிச்சுட்டார்மா" என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு எங்கேயோ அந்தப் பயிற்சிக்காரப் பெண்ணைச் சந்தித்திருக்கிறாள். உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தானே? கோபமில்லை. கூடப்பிறந்தவள், மனது கேட்காது.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இனிப் பேச்சு வராது என்கிறார்கள். ஆமாம், வரவிடாமல் செய்தது நான்தான்.

ஆனால் எங்களுக்குள் ஒரு மனஸ்தாபமும் கிடையாது. ஒவ்வொரு படம் முடிந்ததும் முதலில் அவருக்குத்தான் காட்டுகிறேன். கண்ணெடுக்காமல் பார்க்கிறார். பார்க்கப் பார்க்கக் கண்ணீர் வழிகிறது. இத்தனை வருடத்தில் என் படங்கள் அவருக்கு இவ்வளவு பிடித்ததே இல்லை.