நாஜிகள் பிந்தியிருந்தால்

ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில், என் முன்னிருக்கையில் வயதான கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் தான் எழுதும் நாவலின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாஜிகள் ஆட்சிக்கு வாறதைப் பிந்த வைச்சிட்டன். பிந்தினதோட சனம் அவங்களைக் கைவிட்டிட்டுது. யுத்தமே இல்லை."

"அப்ப நாங்கள்?"

"அந்த யுத்தத்துக்குப் பிறகுதானே ஜெர்மனி அகதியளுக்குக் கதவு திறந்தது? யுத்தம் இல்லாட்டி நாங்கள் கண்டு பழகின அகதி முகாமும் இல்லை. நாங்கள் சந்திக்கவே இல்லை."

"கட்டின மனுசியை ஒரு வசனத்தில அழிச்சுப் போட்டியள்!"

"அத்தனை சனம் உயிரோட இருக்குதப்பா."

மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"ஓம், அது சரி. ஆனா ஊரில, பருத்தித்துறைச் சந்தையில எண்டாலும் என்னைக் கண்டு ஒருக்காச் சிரியுங்கோ."

"நீர் திரும்பிச் சிரிப்பீரோ?"

"எழுதிப் பாருங்கோ."