ஒரு வாரத்துப் பாடக்குறிப்பு

பாடக்குறிப்பு எழுதுவதில் நான் என்றைக்கும் சோம்பல்பட்டதில்லை, ஐயா. மற்ற டீச்சர்கள் திங்கட்கிழமை காலையில், பிரேயர் மணி அடிக்கும்போது, போன வருஷத்து நோட்டைப் பார்த்துக் கிறுக்குவார்கள். நான் சனிக்கிழமை மத்தியானமே உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்காரர் மைன்ஸுக்கு செகண்ட் ஷிப்ட் போன பிறகு குவார்ட்டர்ஸில் சத்தம் இருக்காது. நோக்கம், செயல்பாடு, கருவி, எதிர்பார்க்கும் விளைவு என்று நாலு கட்டம் போட்டு, வாரம் முழுவதற்கும் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

உங்கள் விசாரணை முடிந்துவிட்டது, தெரியும். நேற்று தலைமையாசிரியை அறிக்கையை எங்களுக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒரு வரி தப்பு. அதற்காகத்தான் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சண்முகப்ரியா போன ஜூனில் காண்ட்ராக்ட் டீச்சராக வந்தாள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, இருபத்தாறு வயது. மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் அதற்கு முந்தின வருஷம் இரண்டாம் வகுப்பில் என்னிடம் இருந்தவர்கள். என்னிடம் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்ததுகள் அவளிடம் போய் தீபாவளிக்குள் கடகடவென்று படிக்க ஆரம்பித்தன. அஸ்திவாரம் நான் போட்டது. அதை யாரும் சொல்லவில்லை. "பிரியா மிஸ் கை பட்டா போதும்" என்றுதான் ஸ்டாஃப் ரூமில் பேச்சு. அவளுக்கு பர்மனென்ட் ஆர்டர் வரப்போகிறது என்றும் சொன்னார்கள். நான் பர்மனென்ட் ஆக ஒன்பது வருஷம் காத்திருந்தேன்.

தமிழ்நிலா என்று ஒரு பெண். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தினமும் ஒரு முழம் கனகாம்பரம் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பாள். மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகு அந்தப் பூ என் வகுப்பு வாசலைத் தாண்டி பிரியாவின் மேஜைக்குப் போகும். வணக்கம் சொல்வாள், நிற்கமாட்டாள். எனக்கு வயிறு எரியும். வேறு வார்த்தை தேடவேண்டாம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் பிரியாவைக் கடலூருக்கு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் அவளே என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒரு வாரம் எம் புள்ளைங்கள நீங்க பாத்துக்கினீங்கன்னா நான் நிம்மதியா போவேங்க."

எம் புள்ளைங்க என்றாள். சரிம்மா என்றேன். அந்தச் சனிக்கிழமை எழுதியதுதான் இந்தப் பக்கம்.

திங்கள், வாசித்தல். பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியை நானே எழுதினேன். ஒரு சிறுமியை அவளுடைய டீச்சர் இருட்டறையில் பூட்டிவைக்கும் கதை. மூன்று தடவை வாசிக்கவைத்து, கண்ணை மூடி நினைத்துப் பார்க்கச் சொன்னேன். பிள்ளைகள் ரசித்தார்கள்.

செவ்வாய், சொல்வளம். தாழ்ப்பாள், இருட்டு, புழுக்கம், மூச்சு, கெஞ்சு. ஐந்து சொல். பொருளைக் காட்டிச் சொல்லைக் கற்பி என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. அதனால் பின்பக்கம் இருக்கும் விளையாட்டுச் சாமான் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும், நான் தாழ்ப்பாள் போட்டுப் பத்து எண்ணித் திறப்பேன். தமிழ்நிலா கடைசி. உள்ளே போகும்போது, "மிஸ், பிரியா மிஸ் திங்கக்கெழம வந்துடுவாங்கல்ல?" என்று கேட்டாள். தாழ்ப்பாளைப் போட்டேன். மற்றவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, வெளியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். அவள் தட்டினாள். பிறகு கெஞ்சினாள். ஐந்தாவது சொல் அவளுக்குத் தனியாக விளக்கவேண்டியிருக்கவில்லை. பீரியட் மணி அடித்ததும் திறந்தேன். முகத்தைத் துடைத்துவிட்டு, இது வெள்ளிக்கிழமை எழுதுவதற்காக, அதுவரை வீட்டில் சொல்லக்கூடாது என்றேன். தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை அந்தச் சொற்களை வைத்து வாக்கியம் அமைத்தார்கள். வழக்கமான பயிற்சிதான்.

வியாழக்கிழமை அதே கதையை 'நான்' என்று மாற்றி எழுதச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "கதையில வர்ற மிஸ்ஸுக்கு என்னா பேரு மிஸ்?" என்றான். உங்க கிளாஸ் மிஸ் பேரைப் போட்டுக்குங்க என்றேன். எல்லாரும் எழுதினார்கள். தமிழ்நிலா மட்டும் பென்சிலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து அந்தப் பெயரை எழுதவைத்தேன். இரண்டாம் வகுப்பில் 'அ' எழுதப் பழக்கியதும் அப்படித்தான்.

வெள்ளி, கடிதம். வியாழக்கிழமை எழுதியதையே, அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்கிக் கடிதமாக எழுதவேண்டும். நல்ல கடிதத்துக்கு ஒரு விதி சொன்னேன்: யார் கேட்டாலும் நிஜம் என்றுதான் சொல்லவேண்டும், கதை என்று சொல்லிவிட்டால் ஸ்டார் கிடையாது. முப்பத்தொரு கடிதமும் பையில் வீட்டுக்குப் போயின.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட கேட்டில் பெற்றோர் கூட்டம். பிரியா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள், கையில் பிள்ளைகளுக்காகப் பயிற்சியில் செய்த படஅட்டைகள். அவளைப் பார்த்ததும் தமிழ்நிலா ஓவென்று அழுதாள். அவள் அம்மா, "பாத்தீங்களா, பாத்தவொடனே எப்புடி நடுங்குது எம் பொண்ணு" என்று கத்தினாள். தமிழ்நிலா பயந்து அழவில்லை, ஐயா. அந்தப் பெயரை எழுதிவிட்டோமே என்று அழுதாள். அது எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாகப் பார்க்கிற பிள்ளை.

தலைமையாசிரியை ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "நீ எழுதினது நெஜமா?" என்று கேட்டார். "நெஜம் மிஸ்." "எந்த ரூம்?" கையைக் காட்டினார்கள். என்றைக்கு, யார் பூட்டியது என்று யாரும் கேட்கவில்லை, தாளிலேயே பெயர் இருந்ததே. நீங்களும் கேட்கவில்லை.

பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. ஒரு நாளாவது நான் புள்ளைங்கள அடிச்சிருக்கனாக்கா?"

குழந்தைகள் பொய் சொல்லமாட்டார்கள் அம்மா என்றேன்.

அவளை அன்றே நிறுத்திவிட்டார்கள். இப்போது வடலூரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாளாம். இனி எந்தப் பள்ளிக்கூடமும் அவளைச் சேர்க்காது. தமிழ்நிலா வீட்டில் கதவைச் சாத்தவிடுவதில்லை, குளிக்கும்போதுகூட அம்மா வாசலில் நிற்கவேண்டுமாம். வகுப்பில் வாயே திறப்பதில்லை. மூன்றாம் வகுப்பு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. பூ மட்டும் இன்னும் வரவில்லை. பழகிவிடுவாள்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். "எட்டு வயதுக் குழந்தைகள் இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பது வியப்புக்குரியது, எழுதக் கற்றுக்கொடுத்ததில் சண்முகப்ரியாவின் உழைப்பை மறுப்பதற்கில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று அதைப் படித்தபோது ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், என் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

நோட்டைப் பாருங்கள். தேதி இருக்கிறது. எதிர்பார்க்கும் விளைவு என்ற கட்டத்தில், "மாணவர்கள் தம் வகுப்பாசிரியை தம்மைப் பூட்டியதாகத் தாமே கடிதம் எழுதுவர்" என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே தலைமையாசிரியையின் பச்சை மைக் கையெழுத்து. அவர் படித்துப் பார்ப்பதில்லை.

பூட்டியது யார் என்ற இடத்தில் மலர்விழி என்று என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எழுதக் கற்றுக்கொடுத்தது யார் என்ற இடத்திலும் அந்தப் பெயர்தான் வரவேண்டும்.