ஒரு காப்பிக்கு நாள் முழுக்க உட்காரலாம்

வியன்னாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலணி விஷயத்தில்தான் ஏமாறுகிறார்கள். புதிதாக வாங்கிய தோல் காலணியோடு வந்து இறங்குவார்கள். கல் பாவிய தெரு, அரண்மனையின் வழவழப்பான தரை, மியூசியத்தில் மாடிக்கு மேல் மாடி. இரண்டாம் நாள் மதியம் பார்த்தால் எந்தப் பெஞ்சிலும் யாராவது ஒருவர் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு விரலை நீவிக்கொண்டிருப்பார். நாங்கள் அந்தத் தப்பைச் செய்ததில்லை. நாற்பத்து நான்கு வருடமாக, கல்லறைத் திருநாள் கூட்டமெல்லாம் ஓய்ந்தபின், நவம்பர் நடுவில் நானும் ஹெர்மினேவும் மூன்று நாள் இங்கே வருவோம். தேய்ந்த பழைய காலணிதான் எங்களுக்கு.

அவசரமில்லாமல் முதலிலிருந்து எழுதுங்கள், எழுதி முடித்தபின் தூங்கலாம் என்று சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு வக்கீல் வேண்டாம். இன்னொரு தலையணை கிடைத்தால் போதும். இங்கே கொடுக்கிற தலையணை அட்டை மாதிரி இருக்கிறது.

என் பெயர் ரூபெர்ட் ஹோல்ட்ஸர். வயது எழுபத்தொன்று. இங்கிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சின்ன ஊர். ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் சிக்னல் அறையில் வேலை பார்த்தேன். ஹெர்மினே தபால் நிலையத்தில் இருந்தாள். ஊரில் எந்தத் தெருவில் எந்தக் கதவுக்கு மணி இல்லை, யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் தெருக்கள் போயின, அப்புறம் மனிதர்கள், அப்புறம் எந்த வேளை எதற்கு என்பதே போயிற்று.

மறதியை நான் பொறுத்துக்கொண்டேன். நேரம்தான் என்னைக் கொன்றது. மூன்று வருடமாக அவள் இரவில் தூங்குவதில்லை. முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "ரூபெர்ட், எந்திரி, ரயிலுக்கு நேரமாச்சு" என்பாள். எந்த ரயில் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. கோட்டைக் கழற்றிப் படுக்க வைப்பேன். முக்கால் மணி கழித்து மறுபடியும் ரயில். மூன்று வருடம் பொட்டுத் தூக்கமில்லாதவனைப் பற்றி எழுத உங்கள் படிவத்தில் இடமில்லை. நான் பார்த்துவிட்டேன்.

மகள் கெர்லிண்டெ சால்ஸ்பர்கில் இருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்வாள்.

"அப்பா, அம்மாவ ஹோம்ல சேத்துடலாம்பா. நல்ல இடமா நானே பாத்து வச்சிருக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்."

"என் பொண்டாட்டிய நான் பாத்துக்கறேன்."

"நீங்க முதல்ல படுத்துடுவீங்கப்பா. கண்ணாடியில முகத்தப் பாத்தீங்களா?"

நான் சரி என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். எங்கள் ஊர் சின்ன ஊர். ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கடைக்காரம்மா எல்லார் முன்னாலும், "உங்கள மாதிரி ஒரு மனுஷன நான் பாத்ததே இல்ல, இந்தாங்க, இது ஹெர்மினேக்கு" என்று ஒரு பன்னையும் சேர்த்துப் போடுவாள். பாதிரியார் பிரசங்கத்திலேயே ஒருமுறை என்னைச் சொன்னார், பெயர் சொல்லாமல். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹோமில் சேர்த்தால் அது என் முடிவு. என் கையெழுத்து. அடுத்த நாள் அதே கடையில் எனக்கு ரொட்டி மட்டும் கிடைக்கும்.

ஒருவர் தொலைந்துபோனால் அது யாருடைய முடிவும் இல்லை. இதை நான் திடீரென்று நினைக்கவில்லை. கோடையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் வெள்ளிக்கிழமை வந்தோம். அன்று மாலை வழக்கம் போல வாத்து வறுவலும் சிவப்பு முட்டைக்கோஸும் சாப்பிட்டோம். நான் வெட்டிக் கொடுத்தேன், அவள் நன்றாகவே சாப்பிட்டாள். சனிக்கிழமை பெரிய தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அரண்மனைக்குப் போனோம். அங்கே மகாராணியின் படுக்கையறையில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருப்பார்கள். முன்னால் நின்ற கூட்டம் நகர்ந்ததும் ஹெர்மினே கயிற்றைத் தாண்டிப் போய் விரிப்பை நீவ ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு இப்படிக் கசக்கி வச்சது? விருந்தாளி வந்தா என்ன நினைப்பாங்க?"

காவலாளி ஓடி வந்தார். நல்ல மனிதர். "மேடம், விடுங்க, மகாராணியே வந்து போட்டுக்குவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஹெர்மினேவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். கையைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்தபோது அவள் என்னிடம் மெதுவாக, "நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களா?" என்று கேட்டாள். நாற்பத்து நான்கு வருடத்தில் அவள் என்னை 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்துவிடலாமா என்றுதான் இருந்தது.

இப்போது காப்பிக் கடை.

நீங்கள் இந்த ஊர்க்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காப்பி வாங்கினால் மேஜை உங்களுடையது. ஒரு மணி நேரமோ ஒரு நாளோ, யாரும் கேட்க மாட்டார்கள். கறுப்புக் கோட்டு போட்ட வெயிட்டர் அரை மணிக்கு ஒருமுறை வந்து காலி டம்ளரை எடுத்துவிட்டுப் புதிதாகத் தண்ணீர் வைப்பார். அவரைக் கை தட்டிக் கூப்பிடக் கூடாது, 'ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார். ஏன் தனியாக இருக்கிறீர்கள், ஏன் அழுகிறீர்கள், யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. வேறு ஊராக இருந்தால் ஒரு கிழவி இரண்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்து மேஜைக்காரியாவது "என்னம்மா?" என்று கேட்டுவிடுவாள். இந்த ஊரில் கேட்க மாட்டார்கள். நல்ல பழக்கம். அதை நம்பித்தான் நான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எப்போதும் போகிற இடம்தான். வாசலில் உள்ள தாங்கியில் இருவர் கோட்டையும் மாட்டினேன். உள்ளே, பில்லியர்ட்ஸ் மேஜைக்கு அப்பால், தெரு தெரியாத மூலையில் அவளை உட்கார வைத்தேன். பால் நுரை போட்ட காப்பி, ஆப்பிள் அடை. காசை முன்கூட்டியே கொடுத்தேன்.

"நான் போயி டிக்கெட் வாங்கிட்டு வந்துடறேன், ஹெர்மி. வரிசை பெருசா இருக்கும்."

"என்ன பாக்கப் போறோம்?"

"எல்லாம்."

"சரி, குடைய எடுத்துக்கோ. நனைஞ்சா உனக்கு உடனே சளி பிடிக்கும்."

அன்று காலை அவளுக்கு என்னை நன்றாகவே தெரிந்திருந்தது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வரும்போது தாங்கியிலிருந்து இரண்டு கோட்டையும் எடுத்துக்கொண்டேன். உங்கள் கான்ஸ்டபிளிடம் நேற்று, தவறுதலாக எடுத்துவிட்டேன் என்றேன். ஓட்டலுக்குப் போய்க் கொஞ்சம் சாய்ந்தேன், அசந்துவிட்டேன், கண் விழித்தால் திங்கள் காலை ஒன்பது மணி என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். என் முகத்தைப் பார்த்தால் யாரும் அதை நம்புவார்கள்.

நீங்கள் கைப்பட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். கெர்லிண்டெ தன் போன் எண்ணைப் பொறித்து அம்மாவுக்குப் போட்டுவிட்ட பட்டை அது. குளியலறையில் சோப்புத் தட்டில் கிடந்தது என்றீர்கள். அவள் மணிக்கட்டு சிவந்திருந்தது, அதனால் கழற்றினேன். நிஜமாகவே சிவந்திருந்தது. கைப்பையை அறையிலேயே விட்டது கனமாக இருந்ததால். கோட்டின் உட்புறத்தில் பெயரும் விலாசமும் தைத்த துணி இருந்தது எனக்குத் தெரியும். தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவனே நான்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். கடை மூடும்போது வெயிட்டர் போலீஸைக் கூப்பிடுவார். பெயரில்லாத கிழவியை ஆஸ்பத்திரியில் வைப்பார்கள். நான் மறுநாள் பதறிக்கொண்டு ஓடி வருவேன். டாக்டர்கள் கெர்லிண்டெவைக் கூப்பிட்டு, இனி உங்கள் அப்பாவால் முடியாது என்பார்கள். அவள் கையெழுத்துப் போடுவாள். ரொட்டிக் கடைக்காரம்மா, "கடைசி வரைக்கும் கூடவே இருந்தாரு, பாவம், ஒரு நிமிஷம் கண்ணயர்ந்துட்டாரு" என்பாள். இதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

இதை நேற்று வரை நானும் நம்பினேன்.

நேற்று மதியம் கெர்லிண்டெ வந்தாள். அம்மாவின் உடலை அடையாளம் காட்டிவிட்டு வெளியே வந்து, உங்கள் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பில்லப்பா. எல்லாம் என்னாலதான். நான் வந்து ஒரு வாரமாவது உங்களத் தூங்க விட்டிருக்கணும்" என்றாள். அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். என்னால் அவளைத் தேற்ற முடியவில்லை. அந்த அளவுக்குக் கூடத் தெம்பில்லை. அவள் தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். இதை அவளுக்குக் காட்டுங்கள்.

சிக்னல் அறையில் வேலை பார்த்தவன் அசந்து தூங்க மாட்டான், இன்ஸ்பெக்டர். உடம்பு அப்படிப் பழகிவிட்டது. எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று நினைத்துப் படுக்கிறேனோ அந்த மணிக்கு விழிப்பு வரும். நான் நாலு மணி என்று நினைத்துப் படுத்தேன். நாலு மணிக்கு விழித்தேன்.

அறை இருட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னலில் பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. கடை ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மூடும் என்று எனக்குத் தெரியும். நடந்தால் பதினொரு நிமிடம். அவள் கோட்டு கதவின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தேன், மூன்று வருடத்தில் முதல் முறையாக. எழுந்து போனேன். கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்தேன். படுக்கையிலிருந்து பார்த்தால் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அதை அலமாரிக்குள் மாட்டிக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து படுத்தேன். இந்த முறை எந்த மணியையும் நினைக்கவில்லை.

குளிரைப் பற்றி நினைக்காமலில்லை. நீங்கள் அவளைக் கண்டெடுத்த பூங்கா கடைக்குப் பக்கத்திலேயே இருப்பதும் தெரியும். போலீஸ் வந்தால் ஆஸ்பத்திரி, வராவிட்டால் குளிர், எது வந்தாலும் நான் தூங்கலாம் என்று நினைத்தேன். அது முழு வாக்கியமாகவே என் தலையில் ஓடியது. எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

வெயிட்டரை விட்டுவிடுங்கள். அறுபது வயதிருக்கும், உங்கள் வராந்தாவில் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, கேட்டிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினைந்து முறை தண்ணீர் மாற்றி வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவள் நன்றி சொல்லியிருக்கிறாள். ஒரு விருந்தாளியைக் கேள்வி கேட்கக் கூடாது என்று முப்பது வருடம் கற்றுக்கொண்டவர் வேறென்ன செய்வார்? கடைசியில், விளக்கை அணைக்கும்போதுதான் கேட்டிருக்கிறார், அதுவும் கேள்வி போல இல்லாமல்.

"மேடம், சாரை இன்னும் காணோமே."

அதற்கு அவள் சொன்னதை அவர் வாக்குமூலத்திலிருந்து நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் என்ன செய்கிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அவன் தூங்கி மூணு வருஷம் ஆச்சுங்க, நான்தான் விடறதில்ல. எங்கயாவது பெஞ்சுல உக்காந்து கண்ணயர்ந்திருப்பான். நான் போயி எழுப்பாம பக்கத்துல உக்காந்துக்கறேன். கோட்டு அவங்கிட்டதான் இருக்கு, கவலப்படாதீங்க."

தன் பெயர் மறந்தவள், மகளை மறந்தவள், என் களைப்பை மட்டும் மறக்கவில்லை. எழுப்ப வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். அதை அவளுடைய சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.