சீனக் கல்லின் கடைசி வரி

நாங்கள் குடியேறிய நாட்டில், பாபகூரா போகும் ரயிலில் எனக்கு எதிரே இருவர், புதுக் கோயிலில் வைக்கப்போகும் கல்வெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“முழுக்கத் தமிழிலதான் இருக்கவேணும். இங்கிலிஷ் ஒரு எழுத்தும் வேண்டாம்,” என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

“சீனாவுல நம்மாளுங்க அப்படி வைக்கலையே,” என்றார் மற்றவர்.

“சீனாவிலயோ?”

“ஆமாங்க. சுவான்சௌனு ஆத்தங்கரைத் துறைமுகம். எழுநூறு வருசத்துக்கு முன்னாடி, சீனச் சக்கரவர்த்திங்க காலத்துல நம்ம வியாபாரிங்க அங்க சிவன் கோயில் கட்டிக் கல்வெட்டு வச்சாங்க. எல்லாம் தமிழ், கடைசி வரி மட்டும் சீன எழுத்து.”

“அது சீனருக்கு எழுதினதா இருக்கும்.”

யாழ்ப்பாணத்துக்காரருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“மகன், கோயில் விசயமாக் கதைச்சுக்கொண்டிருக்கிறன். சாப்பிட்டியே?”

“யெஸ் அப்பா. விச் டெம்பிள்?”

போனை வைத்தவர் மற்றவர் பக்கம் திரும்பினார். மெல்லக் கேட்டார்:

“அந்தக் கடைசி வரி, அங்க பிறந்த தங்கட பிள்ளையளுக்கு எழுதினதோ?”