ஒரு சீட்டு அதிகம்

டீச்சர்: இன்னொரு தடவை சிரிச்சீங்கன்னா...

பி.டி. மாஸ்டர்: சிரிக்காம என்ன பண்றது டீச்சர்? சுற்றுலா நோட்டீஸ்ல நீங்க எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க. "பல மொழி, பல மதம், பல இன மக்கள் ஒற்றுமையாக வாழும் நாட்டை நேரில் கண்டு..."

டீச்சர்: நான் எழுதினதை எனக்கே படிச்சுக் காட்டுங்க.

மாஸ்டர்: இங்க பதினாறு பொண்ணுங்க. ஒரே வகுப்பு, ஒரே யூனிபார்ம். ரூமுக்கு நாலு பேர் பிரிச்சுப் போட முடியல. ஒற்றுமையைப் பார்க்க ப்ளேன் ஏறிப் போறோமாம்!

டீச்சர்: போன வாரம் உங்க கால்பந்து டீம் தங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டதே?

மாஸ்டர்: அது... பயிற்சி.

டீச்சர்: சீட்டைப் பிரிங்க சார். யார்கூடத் தங்கணும்னு ஆளுக்கு ஒரு பேர். எழுதினவங்க பேர் கிடையாது.

மாஸ்டர்: "கேப்டன்." இதுவும் கேப்டன். இதுவும்... கிளாஸ் கேப்டனுக்குத் தனி மாளிகையே பிடிக்கணும் போல. இது என்ன... "யாராக இருந்தாலும் சரி." போர்டுல நீங்க எழுதின கேள்வியில ஒற்று விட்டுப்போச்சுன்னு கீழ குறிப்பு வேற!

டீச்சர்: ...என் பொண்ணு.

மாஸ்டர்: எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

டீச்சர்: வேற யாரு திருத்துவா? அகராதின்னு பட்டப்பேரு வச்சிருக்காங்க.

மாஸ்டர்: என் ஸ்கோர் புக்கையே திருத்தினவளாச்சே. யாரைக் கொண்டு பொறந்திருக்காளோ!

டீச்சர்: சார்... "ஒருத்தியாவது என் பேரை எழுதியிருந்தாத்தான் வருவேன், சீட்டை நானே எண்ணிப் பார்ப்பேன்"னு காலையில சொல்லிட்டா. அழக்கூட இல்ல. அதான் எனக்குத் தாங்கல.

மாஸ்டர்: இருங்க டீச்சர், ஸ்கோர் புக்ல ஒண்ணு குறிச்சுக்கிறேன்.

டீச்சர்: அப்புறம் குறிக்கலாம், பிரிங்க.

மாஸ்டர்: இந்தாங்க! உங்க பொண்ணு பேரு!

டீச்சர்: அப்படியா! அடடா! யாரோ நல்ல பிள்ளை!

மாஸ்டர்: மெதுவா ஆச்சரியப்படுங்க, கழுத்து சுளுக்கிக்கும். எழுத்து ஏன் கோழி கிண்டின மாதிரி இருக்கு?

டீச்சர்: அவசரத்துல எழுதியிருப்பா.

மாஸ்டர்: இடது கையால எழுதியிருப்பா. கையை மாத்தினீங்க சரி... சிவப்புப் பேனாவை மாத்த வேண்டாமா டீச்சர்? பேப்பர் திருத்தித் திருத்திப் பழகிப்போச்சு. பாவம்.

டீச்சர்: பெத்தவளாப் பொறந்து பாருங்க, அப்புறம் கிண்டல் பண்ணலாம். கிழிச்சுப் போடுங்க. அவ வரலைன்னா நானும் போகல.

மாஸ்டர்: பொறுங்க, பொறுங்க... இதோ இன்னொண்ணு. உங்க பொண்ணு பேரேதான்!

டீச்சர்: என்னது? குடுங்க!

மாஸ்டர்: பார்த்தீங்களா, இதுதான் நிஜமான ஆச்சரியம்.

டீச்சர்: இருங்க... மொத்தம் எத்தனை?

மாஸ்டர்: எண்ணிட்டேன். சிவப்பைக் கிழிச்சுட்டா மேசை மேல சரியாப் பதினாறு. அப்போ இது யாரோ ஒரு பொண்ணு எழுதினதுதானே? கணக்கு தெரியுதா டீச்சர்?

டீச்சர்: நல்லாத் தெரியுது சார். இது உங்க ஸ்கோர் புக்ல கிழிச்ச தாள்னும் தெரியுது, உங்க ஷூவுக்கு அடியில ஒரு கேப்டன் சீட்டு எட்டிப் பார்க்குறதும் தெரியுது... அதோ, அவ வர்றா. எண்ணி முடிக்கிற வரைக்கும் தயவுசெஞ்சு காலை மட்டும் எடுத்துடாதீங்க.